‘பட்ஜெட்டில் பணம் வரட்டும்’ என்றால் மனுவைக் கொடுக்காமல் திரும்பாதீர்கள்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொத்தனாரான அவர் கணவரை ஏழு மாதம் முன்பு இரவில் வழிமறித்து, முகத்தை மூடிய இரண்டு பேர் வெட்டியிருக்கிறார்கள். உயிர் தப்பியது. ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை, கரண்டி பிடிக்க முடியவில்லை. வெட்டியவர்கள் யாரென்று இன்று வரை தெரியவில்லை. நஷ்டஈடு பற்றி விசாரிக்கப் போன இடத்தில், “ஃபண்ட் இல்லை, பட்ஜெட் முடிந்து வாங்க” என்று சொல்லிவிட்டார்களாம். கோர்ட் வாசலில் ஒருவர், “முப்பது பர்சென்ட் கொடுத்தால் நான் வாங்கித் தருகிறேன்” என்கிறாராம். காத்திருப்பதா, கொடுப்பதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் சகோதரி. இந்த வாரமே மனுவைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்பது தர்மம் அல்ல. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு இழப்பீட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2009 டிசம்பர் 31-லிருந்து சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 357ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 396-வது பிரிவு. தமிழ்நாட்டின் திட்டம் 2013-ல் வந்தது. பணம் மாநில அரசுடையது. தொகையை முடிவு செய்வது உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு. அதன் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி.

“ஃபண்ட் இல்லை” என்பதற்கு வருகிறேன். உத்தரவு போடுவது ஒரு வேலை, பணம் பட்டுவாடா செய்வது இன்னொரு வேலை. கருவூலத்தில் இன்று காசு இல்லாவிட்டாலும் உங்கள் மனுவை வாங்கலாம், விசாரிக்கலாம், தொகையை நிர்ணயித்து உத்தரவும் போடலாம். ஆணைக்குழு தன் விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். உத்தரவு கையில் இருந்தால் நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். மனுவே கொடுக்கவில்லை என்றால் அரசுக் கணக்கில் உங்கள் கணவர் வெட்டுப்படவே இல்லை.

பட்ஜெட் என்பது சட்டமன்றத்தில் வாசிக்கும் அன்றைக்குத் தயாராவது இல்லை. பல மாதம் முன்பே ஒவ்வொரு துறையும் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நிதித்துறைக்குக் கணக்கு அனுப்பும். அந்தக் கணக்குக்கு ஆதாரம், நிலுவையில் உள்ள மனுக்களும் உத்தரவுகளும்தான். வாசலிலேயே பத்துப் பேரைத் திருப்பி அனுப்பினால் தேவை குறைவாகத் தெரியும், அடுத்த வருஷமும் குறைவாகவே ஒதுக்குவார்கள், மறுபடி “ஃபண்ட் இல்லை” என்பார்கள். சட்டமன்றத்தில் காவல் துறைக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை என்றால் புது வாகனம், புதுக் கட்டடம் என்று அறிவிப்புகள் வரும், மேஜையைத் தட்டுவார்கள். வெட்டுப்பட்டவன் கணக்கு எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரியாகக் கிடக்கும். அதைக் கேட்க யாரும் எழுந்திருப்பதில்லை. மார்ச் கடைசியில் செலவாகாத பணத்தை ‘சரண்டர்’ என்று திருப்பி ஒப்படைக்கும் கூத்தை அரசு அலுவலகங்களில் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்!

அடுத்து, உங்களைத் தடுமாற வைத்திருக்கும் விஷயம்: குற்றவாளியே கிடைக்கவில்லையே, தண்டனை இல்லாமல் நஷ்டஈடு எப்படி? இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஏனென்றால் படித்தவர்களே இதில் தவறாகச் சொல்கிறார்கள். வழக்கு நடந்து முடிந்தால் நீதிமன்றம் பரிந்துரைக்கும், அது ஒரு வழி. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலும் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். மூன்றாவது வழிதான் உங்களுடையது. குற்றவாளி யாரென்று தெரியவில்லை, பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும், நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை நடக்கவில்லை என்றால், பாதிக்கப்பட்டவரே ஆணைக்குழுவுக்கு நேரடியாக மனுச் செய்யலாம். 396-ன் நான்காம் உட்பிரிவு. “ஆளைப் பிடித்த பிறகு வாங்க” என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருந்தாலும் மனுவை நிறுத்த வேண்டாம். ‘இதுவரை எதிரி கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று காவல் நிலையத்தில் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால், கேட்டும் தரவில்லை என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். காலதாமதம் மட்டும் செய்யாதீர்கள். ஏன் ஏழு மாதம் ஆனது, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

இப்போது அந்த முப்பது பர்சென்ட்காரர். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். அப்புறம் அவர் எதை ‘வாங்கித் தருகிறார்’? அவர் வக்கீல் என்றே சொல்லிக்கொண்டாலும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. என்னிடம் ஒரு அம்மா பாலிதீன் பையோடு வந்தார். உள்ளே இருந்ததெல்லாம் மங்கிய ஜெராக்ஸ். அசல் காயச் சான்றிதழ், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுப் பத்திரம் எல்லாம் ஒரு புரோக்கர் பீரோவில். பணம் வந்த அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. அந்த அம்மாவுக்குப் பணம் வந்ததே தெரியாது.

உதவி வேண்டுமென்றால் இலவசமாகவே கிடைக்கும். சட்ட உதவி எண்ணான 15100-க்குப் பேசுங்கள். பெண் என்ற முறையில் உங்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மனு உங்கள் கணவர் பெயரில்தான் போக வேண்டும், நீங்கள் கூடப் போய் நில்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு இதற்குப் பதிலாகாது. அது சுற்றிச் சுற்றி அதே காவல் நிலையத்துக்குத்தான் போகும்.

மனுவோடு எஃப்ஐஆர் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், விரல்கள் மடங்கவில்லை என்று அரசு மருத்துவர் எழுதியது, முன்பு என்ன தினக்கூலி வாங்கினார் என்பதற்கு மேஸ்திரி கடிதமாவது வையுங்கள். உடனடிச் செலவுக்கு இடைக்கால நிவாரணமும் கேளுங்கள், கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். நிராகரித்தாலோ மிகக் குறைவாகக் கொடுத்தாலோ சென்னையில் உள்ள மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? உள்துறைக்குப் பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். இந்த ஆண்டு இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவாயிற்று, எத்தனை உத்தரவு நிலுவை என்று மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரியில், காயச் சான்றிதழை அந்த நபரிடம் ‘பார்க்க’ கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே திருப்பி வாங்குங்கள். தராவிட்டால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் அட்மிஷன் தேதியைச் சொல்லி இன்னொரு நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.