கேள்வி-பதில்: வெப்சைட்டில் ஒளிந்திருக்கும் லிங்க்குகள்

கடையின் பெயரைத் தட்டினாலும் கூகுளில் எங்கள் வெப்சைட் வருவதில்லை. தண்டனையா? (வாடகைப் பாத்திரக் கடை, மஞ்சக்குப்பம்)

வெப்சைட் முகவரியை எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? சைட் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் ஓசியில் தரும் சர்ச் கன்சோலில், தண்டனையைக் காட்டும் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பக்கம் காலியாக இருந்தால் கூகுள் ஆட்கள் உங்கள் மேல் கை வைக்கவில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய சைட் என்றால், அதன் செட்டிங்ஸில் தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்துவிடுவார்கள்.

கூகுளில் எங்கள் பெயருக்குக் கீழே மாத்திரை விளம்பரம் தெரிகிறது. சைட்டைத் திறந்தால் சுத்தமாக இருக்கிறது. (முந்திரி வியாபாரி, பண்ருட்டி)

உள்ளே ஆள் புகுந்துவிட்டான். உங்களுக்கு ஒரு முகம், பக்கங்களைப் படிக்கவரும் கூகுளின் ரோபோவுக்கு வேறு முகம் காட்டுகிறான். சர்ச் கன்சோலில் ‘யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்’ வழியாகப் பார்த்தால் கூகுள் கண்டது உங்களுக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கவேண்டிய ‘தீம்’ (சைட்டின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஒன்றை எங்கிருந்தோ ஓசியில் இறக்கினீர்களா? அதை முதலில் தூக்குங்கள். அப்புறம் பாஸ்வேர்டுகள். சர்ச் கன்சோலில் தெரியாத ஓனர் யாராவது சேர்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஏழெட்டு லிங்க் இருக்கிறது. டிசைனர், “எல்லா கஸ்டமருக்கும் வைப்பதுதான் சார்” என்கிறார். (விருந்தினர் இல்லம், புதுச்சேரி)

எல்லோருக்கும் வைக்கிறார் என்பதுதானே குற்றமே! உங்களிடம் பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ வாங்கிக்கொண்டு, உங்கள் திண்ணையில் கடன் ஆப்புக்கும் சூதாட்டத்துக்கும் இடம் விற்கிறார். எழுத்தளவைப் பூஜ்யமாக்குவது, லிங்க்கைத் திரைக்கு வெளியே தள்ளுவது, ஒரு முற்றுப்புள்ளியில் லிங்க்கைச் செருகுவது எல்லாம் இதே வித்தைதான். லிங்க் மோசடியைப் பிடிக்க கூகுள் ‘பெங்குவின்’ என்ற வடிகட்டியை விட்டது 2012 ஏப்ரலில். இன்னும் இவர்கள் திருந்தவில்லை.

என் மைத்துனர் கடைக்கும் இதே கதை. லிங்க்கை எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் டொமைன் (சைட்டின் முகவரி) டிசைனர் பெயரில், ஹோஸ்டிங் (சைட் குடியிருக்கும் சர்வர் இடம்) அவர் கணக்கில், ஓடிபி அவர் போனுக்கு. அவரோ போனை எடுப்பதில்லை. மீட்க நாலு மாதம் ஆனது. அதனால்தான் வாய் ஓயாமல் சொல்கிறேன்: டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கவேண்டும். கடைச் சாவியைக் கொத்தனாரிடமே விட்டுவைப்பீர்களா?

‘வடிவமைப்பு இன்னார்’ என்று கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வரி இருக்கலாம். அதிலுள்ள லிங்க்குக்கும் ‘நோஃபாலோ’ போடச் சொல்லுங்கள்; இந்த லிங்க்கைச் சிபாரிசாக எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு அது.

தட்டினால் விரியும் கேள்விகள் வைத்திருக்கிறேன். அதுவும் மறைப்பா? (பல் மருத்துவமனை, நெல்லிக்குப்பம்)

இல்லை. வாசகர் தட்டினால் தெரிகிறதே.

எங்கள் சர்வரிலேயே சூதாட்ட சைட் ஒன்றும் இருக்கிறதாம். எங்களுக்கும் அடி விழுமா? (டெய்லர், வில்லியனூர்)

பக்கத்து வீட்டுக்காரனுக்காக உங்களை அடிக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் தம்பியின் பழைய சைட்டும் தூங்கிக்கொண்டிருந்தால், அதன் வழியாக உங்களுடையதிலும் புகுவார்கள். டொமைன் யார் பெயரில் என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

லிங்க்குகளை எடுத்துவிட்டு இரண்டு நாளில் தண்டனையை நீக்கச் சொல்லி கூகுளிடம் மூன்று முறை மறுபரிசீலனை கேட்டேன். பதில் இல்லை. (டிராவல்ஸ், கடலூர்)

சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். எதை எடுத்தீர்கள், எப்படி வந்தது, இனி வராமல் என்ன செய்தீர்கள் என்று ஒரே மனுவில் எழுதிவிட்டுக் காத்திருங்கள். எனக்கும் இதே கடிதத்தை மூன்று முறை அனுப்பியிருக்கிறீர்கள்.