பெற்ற தாய் பார்க்க வந்தால் பிள்ளை போய்விடுமா?

கேள்வி: தலவாக்கலையில் வசிக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவரின் மகளை நீதிமன்றம் மூலம் மகவேற்புச் செய்து (தத்தெடுத்து) வளர்க்கிறோம். பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. தீபாவளிக்கு வந்து பார்க்கட்டுமா என்று பெற்றவர் கேட்கிறார். கணவருக்குச் சம்மதம். எனக்குப் பயம். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்கிறார் மாமி.

பதில்: பாதிப் பயத்தைச் சட்டமே தீர்த்துவிடும். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி, நீதிமன்றக் கட்டளை கிடைத்ததுமே பெற்றவரின் உரிமையும் கடமையும் உங்களுக்கு வந்துவிட்டன. அவர் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவதால் அது மாறாது. கட்டளை இல்லாமல் சும்மா 'வளர்க்கக் கொடுத்த' பிள்ளை என்றால் கதை வேறு.

மீதிப் பாதி, எதற்காகப் பிள்ளை எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. விசேஷ வீடுகளில் "இன்னும் ஒன்றுமில்லையா?" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோய்ப் பிள்ளை எடுப்பவர்கள் நிறையப் பேர். அதில் தப்பில்லை. ஆனால் அவர்களுக்குப் பெற்றவர் கண்ணில் பட்டாலே அந்தப் பழைய கேள்வி திரும்பக் கேட்கும். அக்காவின் பிள்ளையை எடுத்து வளர்ப்பவர்களைப் பாருங்கள். பெற்றவளைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டே பிள்ளை வளர்கிறது, யாரும் பதறுவதில்லை.

அமெரிக்காவில் 190 மகவேற்புக் குடும்பங்களை 1980களிலிருந்து தொடர்ந்து கவனித்த மினசோட்டா-டெக்சஸ் ஆய்விலும் இதுதான் தெரிந்தது. பெற்ற தாயை நேரில் அறிந்தவர்களுக்கே, அவர் பிள்ளையைத் திருப்பிக் கேட்பாரோ என்ற பயம் குறைவு. யார் அம்மா என்று பிள்ளைகளும் குழம்பவில்லை.

மாமியின் யோசனை தோட்டப்பக்கம் எடுபடாது. எங்கே போனாலும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது ஒருத்தி பிள்ளையிடம் சொல்லிவிடுவாள். அதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். "உன்னை வயிற்றில் சுமந்த அம்மா" என்றால் நான்கு வயதுக்குப் போதும். 1980களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன பிள்ளைகள் இன்று தாயைத் தேடி வருகிறார்கள். பத்திரத்தில் இருக்கும் தாயின் பெயரே பொய் என்பதால் பலருக்குத் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் மகளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆனால் தீபாவளியன்று வேண்டாம். வீடு நிறையச் சொந்தம், ஆளுக்கொரு பேச்சு. சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உங்கள் வீட்டில், பகல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு எத்தனை தடவை என்று முதலிலேயே பேசுங்கள். பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர் கூட இருந்தால் நல்லது. சட்டை, பலகாரம் சரி. காசு மட்டும் எந்தப் பக்கமும் கைமாறக் கூடாது. மகவேற்புக்காகப் பணம் வாங்குவதை நீதிமன்ற அனுமதியின்றிச் சட்டம் விடாது. சொல்லாமல் வந்தால் ஒரு தடவை பொறுக்கலாம். பிள்ளையிடம் "வா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றால், அடுத்த சந்திப்பு அலுவலரின் முன்னால்தான் என்று சொல்லிவிடுங்கள்.