வாசகர் கேள்வி – பதில்: திகில் கதையில் மனைவியின் சந்தேகம்

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்த ஒரு பெண் தன் கணவன் மீது கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை இழப்பதாக ஒரு திகில் சிறுகதை எழுதினேன். கணவன் நள்ளிரவில் வெளியே போகிறான்; பூட்டிய அறையின் சாவியை அவளிடம் தர மறுக்கிறான். படித்த தோழிகள் எல்லோரும் இரண்டாம் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். சந்தேகத்தை எப்படிப் படிப்படியாக வளர்ப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சந்தேகத்துக்கான காரணங்கள் அனைத்தையும் நீங்கள் கணவனிடமே வைத்துவிட்டீர்கள். நள்ளிரவில் வெளியே போகிறவனை வாசகர் உடனே சந்தேகித்துவிடுவார். அதன்பிறகு அந்தப் பெண் அதைக் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. கணவன் கடைசிவரை ஒரே மாதிரி நடந்துகொள்ள, அவனைப் பார்க்கும் அவளுடைய கண் மட்டும் மாறிக்கொண்டே போவதுதான் கடினமான வழி. பலன் தருவதும் அதுதான்.

1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து மேகசின்' என்ற அமெரிக்க இதழில் வெளியான, சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'தி எல்லோ வால்பேப்பர்' (மஞ்சள் சுவர்த்தாள்) கதையை இதற்காகவே ஒருமுறை படித்துப் பாருங்கள். குழந்தை பெற்றபின் மனம் சோர்ந்துபோன ஒரு பெண்ணை, மருத்துவரான அவள் கணவன் ஜான், ஓய்வுக்காக ஒரு பழைய மாளிகைக்கு அழைத்து வருகிறான். அவளுக்குக் கிடைத்த மாடியறையின் ஜன்னல்களில் கம்பிகள் இருக்கின்றன, சுவர்களில் வளையங்கள், கட்டில் தரையோடு அறையப்பட்டிருக்கிறது. முன்பு இது குழந்தைகளின் அறையாக இருந்திருக்கும் என்று அவள் வெகு இயல்பாக நினைத்துக்கொள்கிறாள். வாசகருக்கோ அப்போதே நெஞ்சில் ஒரு முள் தைத்துவிடுகிறது. ஆனால் யாரைச் சந்தேகிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஜான் அவளிடம் கடுமையாக ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. மருந்து தருகிறான், தூக்கிச் சென்று படுக்க வைக்கிறான், அருகில் அமர்ந்து படித்துக் காட்டுகிறான். தொடக்கத்தில் அவள், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், திருமணத்தில் அது எதிர்பார்க்க வேண்டியதுதானே என்கிறாள். நடுவில், அவரிடம் பேசுவது கடினமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் அறிவாளி, என்னை மிகவும் நேசிக்கிறவர் என்கிறாள். பிறகு, அவரைக் கண்டால் எனக்குச் சற்றுப் பயமாக இருக்கிறது என்கிறாள். இறுதியில், அன்புள்ளவர் போல அவர் பாசாங்கு செய்வதாகவே முடிவுகட்டுகிறாள். இத்தனைக்கும் நடுவே ஜானின் அன்பு அதே அன்பாகவே இருக்கிறது என்பதுதான் அந்தக் கதையை இத்தனை பயங்கரமாக்குகிறது.

ஒரு நிலவொளி இரவில், இங்கிருந்து போய்விடலாம் என்று அவள் கெஞ்சுகிறாள். வாடகைக் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, உன் உடல் தேறி வருகிறது என்கிறான் அவன். உடல் வேண்டுமானால் தேறியிருக்கலாம் என்று அவள் தொடங்கும்போதே, அவன் எழுந்து உட்கார்ந்து பார்க்கும் கண்டிப்பான பார்வையில் அவளால் மேலே ஒரு சொல்லும் பேச முடிவதில்லை. அதன்பின் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏமாற்றும் பழக்கம் அவளிடமும் தொடங்கிவிட்டது. உங்கள் கதையின் மனைவி எதையும் மறைப்பதில்லை என்பதை ஒரு குறையாகவே பார்க்கிறேன். தானே ஒன்றை மறைக்கத் தொடங்கிய பிறகுதான் மனிதருக்கு எதிரில் இருப்பவரும் மறைக்கிறார் என்ற எண்ணம் வலுக்கிறது.

கேள்வி: சந்தேகம் உண்மை என்று கடைசியில் நிரூபித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டியதில்லை. உண்மை, பொய் என்ற இரண்டு விடைகளையும் தாண்டிய ஒன்று இருக்கிறது. கில்மன் 1887-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த சைலஸ் வீர் மிட்செல் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் 'ஓய்வுச் சிகிச்சை' பெற்றார். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறிவு சார்ந்த வேலை கூடாது, வாழ்நாள் முழுவதும் பேனாவைத் தொடவே கூடாது என்ற அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டதையும், அதைக் கடைப்பிடித்து மனம் முற்றிலும் சிதையும் விளிம்புக்குப் போனதையும் 1913-இல் அவரே எழுதினார். கதையிலும் அந்த மருத்துவரின் பெயர் வருகிறது. உடல்நிலை தேறாவிட்டால் அவரிடம் அனுப்பிவிடுவதாக ஜான் சொல்கிறான். ஜான் சதி செய்யவில்லை. ஆகவே அவளுடைய சந்தேகம் தவறு. ஆனால் அவளைச் சிறை வைத்தது அவனுடைய பரிவுதான். ஆகவே அவள் பயந்தது சரி. இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக இருப்பதால், கடைசியில் கதவைத் திறந்து, உள்ளே அவள் தரையில் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்த ஜான் மயங்கி விழும்போது, அவனுக்காகவும் நமக்கு மனம் பதறுகிறது.

கேள்வி: இத்தகைய கதையை 'நான்' என்று எழுதுவதா, 'அவள்' என்று எழுதுவதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 'நான்' என்று எழுதினால், அவள் எப்போது, யாருக்குத் தெரியாமல் எழுதுகிறாள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கில்மனின் கதைசொல்லிக்கு எழுதத் தடை இருக்கிறது. ஜான் வரும்போது அவள் தாளை ஒளித்துவைக்க, பத்தி அங்கேயே நின்றுவிடுகிறது. தனியாக ஒரு மர்ம நிகழ்ச்சியைச் சேர்க்காமலேயே அந்த நிறுத்தம் பதற்றத்தைத் தந்துவிடுகிறது. 'அவள்' என்று எழுதினால், அவள் பார்க்காத எதையும், முக்கியமாகக் கணவனின் மனத்தை, ஒரு வரியில்கூட வாசகருக்குக் காட்டாதீர்கள்.