46 வயதில் தகப்பனாகலாமா?

கேள்வி: பல வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து, 46 வயதில் இப்போதுதான் கல்யாணம் முடித்திருக்கிறேன். மனைவிக்கு 31. தகப்பனுக்கு வயது கூடினால் பிள்ளைக்குக் குறை வரும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கொஞ்சம் உண்மைதான். பயந்து பின்வாங்கும் அளவுக்கு இல்லை.

பெண்ணுக்குக் கருமுட்டைகள் பிறக்கும்போதே அமைந்துவிடும். ஆணுக்கோ, விந்தணுவைத் தரும் கலங்கள் பருவ வயதிலிருந்து ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் மரபணுவைப் பிரதியெடுக்க வேண்டும். எங்காவது ஓர் எழுத்து தவறிவிடும். ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்து 2012இல் வந்த ஆய்வின்படி, 20 வயதுத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் புதிய பிழைகள் சுமார் 25. 40 வயதில் சுமார் 65. திடுக்கிட வேண்டாம். 300 கோடி எழுத்துகளில் இவ்வளவுதான், அதிலும் அநேகமானவை எந்தக் கெடுதலும் செய்யாத இடங்களில் விழுகின்றன.

முக்கியமான இடத்தில் விழுந்தால்தான் சிக்கல். கைகால் குட்டையாகும் அகொண்ட்ரோபிளேசியா அப்படி வருவது. பல்லாயிரம் பிறப்பில் ஒன்று. 20 வார ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது, பிந்திய மாதங்களில்தான் தெரியும். ஓட்டிசம், மனச்சிதைவு, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பும் சற்றே கூடுகிறது. ஆனாலும் 40 தாண்டிய தகப்பன்மாரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சுகமாகவே பிறக்கிறார்கள். டவுன் சின்ட்ரோம் பெரும்பாலும் தாயின் வயதோடு சம்பந்தப்பட்டது. உங்கள் மனைவிக்கு 31தானே.

சரி, செய்ய வேண்டியது என்ன? இனியும் தள்ளிப்போடாதீர்கள். விந்தணு முழுதாக உருவாக இரண்டரை மாதமளவில் ஆகும் என்பதால், சிகரெட்டை இன்றைக்கு விட்டால் மூன்று மாதத்தில் பலன் எதிர்பார்க்கலாம். 'சக்தி'க்கென்று டெஸ்டோஸ்டெரோன் ஊசி மட்டும் போட்டுவிடாதீர்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு இருவரும் போங்கள். மனைவி கருத்தரிப்பதற்கு முன்பே போலிக் அமிலம் தொடங்க வேண்டும். பரம்பரை இரத்தச்சோகை நோயான தலசீமியாவுக்கு இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அவர் சொந்த மச்சாள் என்றால் அது இன்னும் அவசியம். சொந்தத்தில் முடிப்பதால் வரும் பரம்பரை நோய்களுக்குத் தகப்பனின் வயது கணக்கில்லை, 25 வயதுக்காரருக்கும் அதே ஆபத்துதான்.

ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் மனைவியை மட்டும் கிளினிக் கிளினிக்காக அலையவிடாதீர்கள். நம் பக்கம் அதுதான் வழக்கம், எனக்கு அதில் கோபமும் உண்டு. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, நோவும் இல்லை. முதலில் நீங்கள் செய்துகொள்ளுங்கள்.