பயணக் கேள்வி – பதில்: மியூனிக் பியர் விழாவுக்குப் போகிறவர்களுக்கு

பாரிஸில் அக்கா வீட்டில் பத்து நாள் நிற்கப் போகிறோம். அப்படியே மூன்று நாள் மியூனிக் போய் ஒக்டோபர்ஃபெஸ்ட் பார்க்கலாமா? நான்கு பேர். டிக்கெட் எங்கே வாங்குவது?
– வாசகர், வெள்ளவத்தை

பேரை நம்பி ஒக்டோபர் நடுவில் போய் இறங்கிவிடாதீர்கள். விழா தொடங்குவது செப்டெம்பரில். 2026இல் செப்டெம்பர் 19 முதல் ஒக்டோபர் 4 வரை.

கூடுதல் நாள் பிரான்சில் என்பதால், பிரான்ஸ், ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பிரான்சிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஜெர்மனியிடம் அல்ல. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

உள்ளே போக டிக்கெட்டே கிடையாது. விழா நடக்கும் தெரேசியன்வீஸ மைதானத்துக்கும் அங்குள்ள பியர் கூடாரங்களுக்கும் நுழைவு இலவசம். இணையத்தில் பெரிய விலைக்கு விற்பவை மேசைப் பதிவுகள். அவற்றைக் கூடாரக்காரர்களிடமே நேரே எடுக்க வேண்டும். பெரும்பாலும் பத்துப் பேர் மேசையாகத்தான் தருவார்கள், சாப்பாட்டுக்கும் பியருக்கும் முற்பணம் கட்ட வேண்டும். இடைத்தரகரிடம் வாங்கினால் வாசலில் செல்லாமல் போகலாம்.

நான்கு பேருக்கு அந்தத் தலையிடி வேண்டாம். திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், காலை பதினொரு மணிக்குள் போய் உட்காருங்கள். பெரிய கூடாரங்களில் இருக்கை இல்லாதவருக்குப் பியர் ஊற்றமாட்டார்கள் என்பதால் இடம் பிடிப்பதுதான் முழு வேலையும். மேசையில் பதிவுச் சீட்டு ஒட்டியிருந்தால் நேரத்தைப் பாருங்கள்; மாலை நான்கு என்றிருந்தால் அதுவரை அது உங்கள் மேசை. சனிக்கிழமை மத்தியானம் போனால் கூட்டம் நிரம்பி வாசலையே மூடியிருப்பார்கள்.

செலவு எவ்வளவு? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

ஒரு குவளை பியர் ஒரு லீற்றர். 2025இல் விலை 14.50 முதல் 15.80 யூரோ வரை. கொண்டுவந்து வைத்த உடனேயே காசு கேட்பார்கள். சில்லறையாக நோட்டு வைத்திருங்கள், ஒன்றிரண்டு யூரோ சேர்த்துக் கொடுப்பது வழக்கம். குவளையின் மேற்பகுதியில் ஒரு கோடு இருக்கும். நுரை அடங்கியபின் பியர் அதற்குக் கீழே நின்றால், வாய் வைக்குமுன் கேளுங்கள், நிரப்பித் தருவார்கள்.

விழாவுக்கென்றே வடிக்கும் இந்தப் பியரில் அல்ககோல் ஏறக்குறைய 6 வீதம். நம்மூர் லாகர் கணக்கில் குடித்தால் இரண்டாவது குவளையிலேயே கால் தடுமாறும். வெறும் வயிற்றில் தொடங்காமல் முதலில் அரைக் கோழி வறுவலும் பிரெட்செல் என்ற முடிச்சுப் பாணும் சொல்லுங்கள்.

முதுகுப்பை கொண்டுபோகாதீர்கள், 20 x 15 x 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பைகளை விடமாட்டார்கள். ஞாபகத்துக்கென்று குவளையைத் தூக்கினால் அது திருட்டு. கடையில் விற்கிறார்கள், வாங்கலாம்.

மனைவி சைவம், நான் குடிப்பதில்லை, நான்கு வயதுப் பிள்ளை. போய்ப் பயனுண்டா?
– வாசகர், பம்பலப்பிட்டி

உண்டு. சீஸ் சேர்த்த நூடில்ஸ் போன்ற 'கேஸ்ஷ்பெட்ஸ்ல' கிடைக்கும், அல்ககோல் இல்லாத பியரும் உண்டு. ராட்டினங்கள் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு வரை விலை குறைவு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இரவு எட்டுக்குமேல் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. தள்ளுவண்டியும் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குள் ஆகாது.