ஆடி மாதத்தில் ஆள் பிடிக்கும் கணக்கு

அண்ணே, அல்சூர் கோயில் வாசலில் நீங்கள் கேட்டதற்கு நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையனுக்கு கேம்பஸில் ஆஃபர் வந்து, படிப்பு முடிந்து பதினான்கு மாதம் ஆகியும் கம்பெனி கூப்பிடவில்லை. மூன்றாம் வருடம் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) படிக்கும் உங்கள் மகனுக்கும் இதே கதிதானா என்கிறீர்கள்.

நீங்கள் கல்யாண கேட்டரிங் எடுக்கிறவர். ஆடியில் வேலை இருக்காது, ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கு மாஸ்டருக்கும் பரிமாறும் பையன்களுக்கும் அப்போதே முன்பணம் கொடுத்துவிடுவீர்கள். கையில் இருக்கும் புக்கிங் கொஞ்சம், இனி வரும் என்ற நம்பிக்கை கொஞ்சம். முன்பணம் வாங்கியவர்களிலும் இரண்டு பேர் வேறு காண்ட்ராக்டரிடம் ஓடிவிடுவார்கள் என்று தெரிந்து, இரண்டு பேரைக் கூடவே சொல்லி வைப்பீர்கள். இரண்டு கல்யாணம் தள்ளிப்போனால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஐடி கம்பெனியில் இதற்கு 'பெஞ்ச்' என்று பெயர்.

கம்பெனியும் இதைத்தான் செய்கிறது. நம்மூர் ஐடி கம்பெனிகளுக்கு வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சில மாதங்களில் ஒவ்வொரு பிரிவும் தனக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்கும், நிதிப் பிரிவு அதை வெட்டும். இருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் ராஜினாமா செய்வார்கள், புது வேலை எவ்வளவு வரும் என்று மூன்று எண்கள். இதில் முதல் எண் மட்டும்தான் உறுதி, மற்ற இரண்டும் ஊகம்.

அந்த ஊகம் எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஒரு உதாரணம். 2022 மார்ச்சோடு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 27.7 சதவீதம். அந்த நிதியாண்டில் 85,000 புதியவர்களை எடுத்தார்கள். அப்புறம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். வெளியே வேலை குறைந்ததும், போவார்கள் என்று எண்ணியிருந்தவர்களும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். 2023-24இல் அதே கம்பெனியின் மொத்த ஆட்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட 26,000 குறைந்தது. டிசிஎஸ்ஸிலும் 13,249 குறைந்தது.

கேம்பஸில் ஆள் எடுப்பது ஏழாவது செமஸ்டரில், சேருவது அடுத்த வருடம். இடையில் கணக்கு தவறினால் கம்பெனி சுலபமாகத் தள்ளிப்போடக்கூடியது எது? இன்னும் சம்பளப் பட்டியலில் ஏறாத பையன்களின் சேரும் தேதிதான். பக்கத்து வீட்டுப் பையன் மாட்டியது இங்கேதான். அவன் திறமையில் குறை இல்லை, அதை அவன் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் மகன் என்ன செய்யலாம்? பெரிய கம்பெனிகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் காலாண்டுக் கணக்கு வெளியிடும்போது ஆட்கள் எண்ணிக்கையையும் சொல்கின்றன. லாபத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று காலாண்டாக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தால், அங்கிருந்து வரும் ஆஃபரை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வருபவர்களிடம், போன வருடம் ஆஃபர் வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்தாயிற்றா என்று கேட்கட்டும். மழுப்பினால் சீனியர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

ஈசிஇ படிக்கிறவனுக்கு ஐடி ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ்களை, அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு தொழில் பழகுகிறவர்களை, எடுத்தாக வேண்டும். ஊகம் எப்படிப் போனாலும் இந்த இடம் இருக்கும். விமானம் செய்யும் எச்ஏஎல், பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) போன்ற அரசு நிறுவனங்கள் பட்டதாரிகளையும் எடுக்கின்றன. நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, உதவித்தொகையும் பெரிதாக இருக்காது. ஆனால் ஒரு வருடம் கருவிகளோடு கை பழகியவனுக்கும் வீட்டில் மெயிலுக்குக் காத்திருந்தவனுக்கும் இன்டர்வியூவில் வித்தியாசம் தெரியும்.

மாரத்தஹள்ளி பக்கம் கோர்ஸ் விற்பவர்கள் இன்றைய தேவையைக் காட்டித்தான் விற்பார்கள், உங்கள் மகனோ அடுத்த வருடம்தான் வெளியே வருகிறான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இரண்டு லட்சம் கொடுத்தால் 'பேக்டோர்' வழியாகச் சேர்த்துவிடுகிறேன் என்று யார் வந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கம்பெனியின் கணக்கிலேயே இல்லாத நாற்காலியை வெளியில் இருப்பவன் எப்படி விற்பான்?

சனிக்கிழமை மாலை பையனை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் கூட வந்தால் அவன் வாயைத் திறக்க மாட்டான். மார்க் ஷீட்டோடு, போன வருடம் செய்த அந்த சர்க்யூட் போர்டையும் எடுத்து வரட்டும், வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை.