‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்பவரிடம் கேட்க வேண்டியவை: கார் ஏ.சி. கேள்வி-பதில்

கத்திரி தொடங்கியது முதல் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குளிராத கார் ஏ.சி.யைப் பற்றியவையாகவே இருப்பதால், இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கார் ஓடும்போது ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் ஐந்தே நிமிடத்தில் வெப்பக்காற்று வருகிறது. கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (வேலூர் வாசகி)

பதில்: அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துவிடாதீர்கள், அம்மா. குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் வலுக்குறைந்தாலும் சில சமயம் இப்படி நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடாகும் காரில் முதலில் பார்க்க வேண்டியவை ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும், அதன் வழியே காற்றை இழுக்கும் மின்விசிறியும்தான். ஓடும் காருக்கு எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடும். நின்றவுடன்தான் விசிறியின் குறை வெளிப்படும்.

காரை நிறுத்தி, என்ஜினும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்புறக் கிரில் வழியாகக் கண்டென்சரின்மேல் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஓரிரு நிமிடங்களில் உள்ளே காற்று குளிர்ந்தால், பெரும்பாலும் விசிறி சுழலவில்லை, அல்லது கண்டென்சரின் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றன என்று பொருள். விசிறி சுழலாததற்கு ஃபியூஸோ ரிலேயோ காரணமாக இருந்தால், செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். விசிறி எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் கையை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கேஸை அளவுக்கு மேல் அடைத்தால் கூடுதலாகக் குளிருமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: குறைவாகத்தான் குளிரும், கம்ப்ரஸரும் சேர்ந்து கெடும்.

கேள்வி: ஐயா, நான் சொந்தமாக ஒரு டாக்ஸி வைத்து ஓட்டுகிறேன். பங்குனியிலிருந்து மூன்று முறை ஒரே கடையில் ஏ.சி.க்குக் கேஸ் அடைத்தேன். ஒவ்வொரு முறையும் 1,800 ரூபாய். இருபது நாள் குளிர்கிறது, பிறகு போய்விடுகிறது. ‘உங்கள் வண்டி கேஸ் குடிக்கும் வண்டி’ என்கிறார் கடைக்காரர். பில் எதுவும் தரவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: கேஸ் குடிக்கும் வண்டி என்று உலகத்தில் ஒரு வண்டியும் இல்லை. உங்களை ஒரே ஓட்டையின் பெயரால் மூன்று முறை ஏமாற்றியிருக்கிறார்கள். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அன்று ஏ.சி. கேஸ். அது மூடிய குழாய்களுக்குள் ஒரே அளவாகச் சுற்றிச் சுற்றி வருவது. கம்ப்ரஸரின் சீல் வழியாகவும் ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிது கசியலாம். இருபது நாளில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் மறுபடியும் கேஸ் அடைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூலி கேட்பதற்குச் சமம்.

ஒழுங்கான கடையில் முதலில் பானெட்டைத் திறந்து குழாய் இணைப்புகளைப் பார்ப்பார்கள். கேஸுடன் சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் கசியும் என்பதால், கசியும் இடத்தில் பெரும்பாலும் தூசி படிந்த எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். பிறகு நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று கவனிப்பார்கள். ஓட்டையை அடைத்த பின், வாக்குவம் பம்பை இருபது முப்பது நிமிடம் ஓட்டி உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார்கள். ஈரம் தங்கினால் அது, கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். கடைசியில் கேஸைத் தராசில் எடை பார்த்து ஏற்றுவார்கள். உங்கள் காருக்கு எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஒரு வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘போதும், ஃபுல்லாகிவிட்டது’ என்பவரிடம் தராசு எங்கே என்று கேளுங்கள். என் அனுபவத்தில், அந்தக் கேள்விக்குப் பத்தில் எட்டுக் கடைகளில் பதிலாகக் கிடைப்பது ஒரு சிரிப்பு.

இனிப் பணத்தைப் பற்றி. செய்த வேலைக்குப் பில் தராதிருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது. ‘டாக்ஸி என்றால் வணிகம், நீ நுகர்வோர் இல்லை’ என்று கடைக்காரர் வாதாடக்கூடும். அஞ்ச வேண்டாம், பிழைப்புக்காக வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வணிகத் தேவையாகக் கொள்வதில்லை. அலைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்த மூன்று பதிவுகளும் சான்றாகும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்தால் போதும். 5,400 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று நினைக்காதீர்கள். அது உங்களுக்குச் சில நாள் சவாரிக் காசு.

கேள்வி: மார்கழியில் ஒரு பழைய கார் வாங்கினேன். ஏ.சி. ஓடவில்லை, ‘கேஸ் மட்டும் போட்டால் போதும்’ என்று சொல்லித்தான் உரிமையாளர் விற்றார். இப்போது, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்கிறார்கள். வழக்குப் போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஓடவில்லை என்று அவர் சொன்னார், நீங்களும் கேட்டுக்கொண்டுதான் வாங்கினீர்கள். கேஸ் மட்டும்தான் குறை என்றால், அதை அவரே போட்டுக் கூடுதல் விலைக்கு விற்றிருக்க மாட்டாரா? வாய்ப்பேச்சைத் தவிரக் கையில் எதுவும் இல்லாமல் வழக்குக்குப் போகும்படி நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவு கடுமையாக எழுதும் நானும் இதே குழியில் விழுந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில் கார் பார்க்கப் போனேன். புல்லில் பனி காயாத நேரத்தில், விற்பவர் ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தார், ‘ஐஸ் போல வருகிறது’ என்று நானே பாராட்டினேன். வந்தது பனிக்காற்று என்பது மாசியில்தான் தெரிந்தது. கூலிங் காயிலை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்றிப் பூட்டினார்கள். வேலை முடிந்தபின் மிஞ்சிய ஒரு திருகை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்து, ‘இது தேவைப்படாது சார்’ என்றார். அன்று முதல் ஒவ்வொரு வேகத்தடையிலும் டேஷ்போர்டு கடகடக்கிறது.

இனி வாங்கினால் நண்பகலில் போங்கள். காரை வெயிலில் நிறுத்தி, இருபது நிமிடம் ஏ.சி.யை ஓடவிட்டு, நடுத் துவாரத்தில் ஒரு சமையலறை வெப்பமானியைச் செருகுங்கள். பிறகு ஓட்டியும் பாருங்கள். ஓடும் காரில் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் நம்பலாம். பானெட்டைத் திறந்தால் ஏ.சி. குழாய்களில் தடித்தது சில்லென்று வியர்த்தும், மெல்லியது சூடாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏ.சி. போட்டால் முன்னிருக்கையின் கால்மிதி நனைகிறது. கேஸ் ஒழுகுகிறதா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: கேஸ் அப்படித் தண்ணீராக ஒழுகாது. கூலிங் காயிலில் படியும் ஈரம் வெளியேறும் சிறு குழாய் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் காருக்கு அடியில் சொட்ட வேண்டியது அங்கேயே சொட்டும். நனைவது நிறத்துடன் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையுடன் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். உடனே காரைப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் மிகக் குறைவாக வருகிறது. வாங்கி நான்கு ஆண்டாகிறது, 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏ.சி. ஃபில்டர் என்று ஒன்று இருப்பதாக நண்பர் சொல்கிறார். (கோவை வாசகர்)

பதில்: நான்கு ஆண்டாக நண்பர் எங்கே போயிருந்தார்? முதலில் நன்றாக வந்து ஒரு மணி நேரம் கழித்துக் காற்று குறைந்தால் கூலிங் காயில் உறைகிறது என்று சந்தேகிக்கலாம். தொடக்கத்திலிருந்தே குறைவு என்றால், காற்றின் தூசியை வடிகட்டும் அந்த ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெரும்பாலான கார்களில் அது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். உருவி எடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுத வேண்டியிருக்காது.